குழல்நீர் நிர்ணயம்

ரிக்கார்டர் என்னும் மேனாட்டுக் குழலின் பிறப்பு, அதன் துளைகளின் விட்டம், அதை வாசித்த அரசர்கள், வாசிக்க மறுத்த பிரபுக்கள் ஆகிய விஷயங்களைப் பற்றி வித்வான்கள் எழுதிக் குவித்திருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்தக் குழற்குடும்பத்தில் மிக நெடியவற்றுள் ஒன்றான கான்ட்ராபாஸும் அதன் நிழலில் ஒதுங்கி நிற்கலாம். ஆயினும், வாசிக்கும்போது குழலின் வாயினுள் வந்து கட்டும் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, போகாவிட்டால் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களையும் சாஸ்திரோக்தமாக எடுத்துத் தீர்த்துவைத்த பெருநூல் ஒன்றும் என் கண்ணில் படாமையால், உலகத்துக்கு நேர்ந்துள்ள இந்தக் குறையை என்னால் இயன்ற மட்டும் நீக்கும்பொருட்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட களம் இங்கிலாந்து. அங்கே 1937-இல் தோன்றிய ரிக்கார்டர் வாசிப்போர் சங்கத்தின் கிளைகளிலும், எதனையும் சாராமல் தாமாகவே கூடிக்கொள்ளும் சிறு குழுக்களிலும், ஓய்வுபெற்ற உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் பல் வைத்தியர்களும் சனிக்கிழமைப் பிற்பகலில் மாதாகோயில் கூடத்து மடக்கு நாற்காலிகளில் அரைவட்டமாக அமர்ந்து, ஒரு காலத்தில் அரசவைக்கென எழுதப்பட்ட ஸங்கீதத்தைத் தமக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். கேட்போர் எவரும் இலர். கேட்போர் வந்துவிட்டால் அது கச்சேரி ஆகிவிடுமாதலின், அதனை வேறு நூலிற் காண்க.

இனி, பிற நூலார் விரித்துரைக்கும் அதிகாரங்களை ஈண்டுச் சுருங்க முடிப்போம். ஸங்கீதம்: இதைப் பற்றிப் பிறர் எழுதியிருக்கிறார்கள். சுருதி: மூச்சைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும், ஆகவே உரக்க வாசிக்க விரும்பும் ஒருவரும் மெல்ல வாசிக்க விரும்பும் ஒருவரும் ஒரே ஸ்வரத்தில் சந்திப்பது இயற்கைக்கு விரோதம். ஸொப்ரானினோ: நாய்கள் அறியும். டெஸ்கன்ட், டெனார் ஆகியவற்றில் எல்லாத் துளைகளையும் மூடினால் பிறப்பது ‘சி’ என்னும் ஸ்வரம். ட்ரெபிளிலும் பாஸிலும் அதே விரல்கள் அதே துளைகளை மூடினால் பிறப்பது ‘எஃப்’. தேநீருக்கு முன் டெஸ்கன்டும் தேநீருக்குப் பின் ட்ரெபிளும் எடுத்துக்கொண்ட ஒருவர் இந்த நியதியை மறந்தாராயின், குழு முழுவதும் ஒரு வழியே செல்ல அவர் மட்டும் வேறொரு சுருதியில் நிராதரவாக நடந்து போவார். ஆயினும் அவர் முகத்தில் தோன்றும் திருப்திக்கு யாதொரு குறைவும் இராது.

பயிற்றுமுறையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விடுதல் தகாது. ஆசான் முதலில் இடக்கை விரல்களைக் கொண்டு பி, ஏ, ஜி என்னும் மூன்று ஸ்வரங்களைக் கற்பிக்கிறார். ‘தூ’ என்று நாவை மெல்லத் தட்டி ஒவ்வொன்றையும் தொடங்க வேண்டும் என்கிறார். இந்த நாத்தட்டல் விஷயமாக 1535-இல் வெனிஸ் நகரத்துக் கனாஸ்ஸி தம் நூலில் அசைகளைப் பல வர்க்கங்களாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மாணாக்கர்களோ அவற்றுள் எதிலும் அடங்காத ‘ஹூ’ என்னும் புது வர்க்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1920-களில் ஜெர்மானியரான பீட்டர் ஹார்லன், ‘எஃப்’ ஸ்வரத்துக்கு விரல்களைக் குறுக்கே அடுக்குவது குழந்தைகளுக்குச் சிரமம் என்று இரங்கித் துளைகளை மாற்றி அமைத்தார். அந்த ஒரு ஸ்வரம் எளிதாயிற்று. அதற்கு அடுத்த கூர்ஸ்வரம் கெட்டது. எளிதாக்கியதற்கு ஒரு கட்சியும் கெடுத்ததற்கு ஒரு கட்சியும் உண்டாகி, இரு கட்சிகளுக்கும் வேலை கிடைத்தது. கீழ் ‘சி’யை எட்ட வலக்கைச் சுண்டுவிரலை நீட்டும் மாணாக்கர், அந்த முயற்சியில் வேறெங்கோ ஒரு விரலை மயிரிழை அளவு தூக்கிவிடுவார், குழல் கிறீச்சிடும், ஆசான் சுண்டுவிரலையே திருத்துவார். பயிற்றுமுறை முற்றிற்று.

நீருக்கு வருவோம்.

வாசிப்போன் விடும் மூச்சு வெப்பமும் ஈரமும் உடையது. அது குழலின் வாயிலிருந்து கூரிய விளிம்பு வரையில் செல்லும் மூச்சுவழியோ காகிதக்கற்றை நுழையும் அளவுக்குக் குறுகியது, குளிர்ந்தது. குளிர்ந்த சுவரில் ஆவி படிந்து துளியாகிறது. துளிகள் கூடி வழியை அடைக்கின்றன. அடைக்கவே, இனிமையாக ஒலித்துக்கொண்டிருந்த குழல் ஜலதோஷம் பிடித்த பாகவதரைப் போலத் தொண்டை கம்மிவிடுகிறது. தேவதாரு மரத்தாலான அடைப்புக்கட்டை இந்த ஈரத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக்கோ ஒரு துளியையும் ஏற்காது. இதனை உமிழ்நீர் என்று கொள்வார் உளர். அது பொருந்தாது. உமிழ்நீர் எனின் அதற்கு வாசிப்போன் பொறுப்பாளி ஆவான். ஆவி எனின் இயற்கையே பொறுப்பு. எந்த வாசிப்போனைக் கேட்டாலும் இரண்டாவதையே சொல்கிறான். ஆகவே இரண்டாவதே சித்தாந்தம்.

இந்நீரை நீக்கும் முறை பற்றி நால்வகைச் சமயத்தார் உளர். உறிஞ்சுவோர், குழலை வாயில் வைத்தபடியே சடக்கென்று மூச்சை உள்ளிழுப்பர். நீர் அவர்களுக்கே உரியதாகிறது. ஊதுவோர், கூரிய விளிம்புக்கு முன்னுள்ள பலகணி போன்ற திறப்பின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு பலமாக ஊதுவர். விரல் கூரிய விளிம்பைத் தொட்டுவிடலாகாது என்பது இச்சமயத்தாரின் தலையாய விதி. மறைப்பது தவறினால் எழும் ஓசை, குழுத்தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எழும் என்பது அனுபவம். உதறுவோர், பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களால் வெறுக்கப்படுவர். நான்காமவரான காப்போர், வருமுன் காத்தலே அறிவுடைமை என்று கருதிக் குழலின் தலைப்பகுதியை அக்குளில் இடுக்கி முன்னமே சூடாக்கி வைத்துக்கொள்வர். மூச்சுவழியில் சோப்பு கலந்த நீர் ஒரு துளியை விட்டு உலர்த்தி, வரும் துளிகள் திரளாமல் பரந்து வழியும்படி செய்வோரை ஐந்தாம் சமயத்தார் என்று கொள்வதா, காப்போருள் ஓர் உட்பிரிவு என்று கொள்வதா என்பது பற்றி இரண்டு முழு இயல்கள் எழுதி வைத்திருக்கிறேன். காகித விலை கருதி இங்கே சேர்க்கவில்லை.

இனிச் சரித்திர ஆதாரங்கள். எட்டாம் ஹென்றி மன்னர் மறைந்தபின் 1547-இல் எடுத்த பொருட்பட்டியலில் ரிக்கார்டர்கள் 76 இருந்தன. ஒரு மன்னருக்கு 76 குழல் எதற்கு? ஒன்று உலரும்வரையில் மற்றொன்றை வாசிப்பதற்கு என்பது தெளிவு. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் ஒரு ரிக்கார்டரை நீட்டி வாசிக்கச் சொல்ல, கில்டன்ஸ்டெர்ன் தனக்குத் தெரியாது என்று மீண்டும் மீண்டும் மறுக்கிறான். இதற்கு அரசியல், தத்துவம், மனோதத்துவம் எனப் பலவாறு உரை கண்டிருக்கிறார்கள். அந்தக் குழல் நாடகக் குழுவினர் கொண்டுவந்தது என்பதையும், எனவே பிறர் வாய்பட்டு ஈரமாக இருந்திருக்கும் என்பதையும் உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறினார்கள். உட்ரெக்ட் நகரத்துக் கண்ணில்லாத மணிக்கலைஞர் யாகோப் வான் ஐக்குக்கு 1649-இல் சம்பளத்தை உயர்த்திய அதிகாரிகள், மாலையில் கோயில் தோட்டத்தில் உலாவுவோருக்கு அவர் இடையிடையே தம் சிறுகுழலை வாசித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். ஹாலந்து தேசம், மாலை வேளை, திறந்தவெளி, குளிர். அந்த உயர்வு ஊதியம் அன்று, நீர்நீக்கப் படியே என்பதை இனியேனும் ஒப்புக்கொள்வார்களாக. 1919-இல் ஆர்னால்ட் டால்மெட்ச்சின் அருமையான பழங்குழல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பையோடு காணாமற்போனதும், அந்த நஷ்டத்தினாலேயே அவர் புதுக்குழல் செய்யத் தொடங்கியதும், இன்று பள்ளிதோறும் குழல் ஒலிப்பதற்கு அதுவே வித்தானதும் எல்லோரும் அறிந்தவை. பையை நடைமேடையில் கீழே வைக்க நேர்ந்த காரணத்தை மாத்திரம் எவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்; விடை வாசகர்களுக்கே தெரியும்.

எல்லாவற்றினும் சிக்கலானது பாக் விஷயம். அவர் 1721-இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்குச் சமர்ப்பித்த ஆறு கான்செர்ட்டோக்களுள் நான்காவதில் ‘எதிரொலிக் குழல்கள்’ இரண்டு வேண்டும் என்று எழுதிவிட்டு, அவை எத்தகையவை என்று சொல்லாமலே போய்விட்டார். அன்று தொடங்கி, ட்ரெபிள் குழலே என்பாரும், தனிவகைக் குழல் என்பாரும், இரண்டு குழல்களை ஒன்றாகப் பிணைத்தது என்பாருமாக வித்வான்கள் பிரிந்து நின்று பட்டம் பெற்றுவருகிறார்கள். நீர் கட்டிய குழலுக்கும் கட்டாத குழலுக்கும் உள்ள ஒலி வேறுபாடே எதிரொலி என்பது என் கருத்து. இதற்கு ஆதாரம் யாதும் இல்லை. ஆதலால் முன்னையோர் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஒரு நூலில் எழுதியிருப்பதை விட்டு எழுதாததையே ஆராய்வது நம் நாட்டிலும் சிறந்த புலமையாகக் கொள்ளப்படுவதை எண்ணும்போது, எனக்குப் பெருத்த ஆறுதல் உண்டாகிறது.

முடிவாக, இவ்வாராய்ச்சியின் தலையாய மூல ஆதாரம். குழுக்களில் வழங்கும் இசைத்தாள்களின் ஓரங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிப்போர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் ஓலைச்சுவடிகளுக்கு நிகரானவை. மூக்குக்கண்ணாடி ஒன்று வரையப்பட்டிருந்தால் ‘பார்த்து வாசி’ என்பது பொருள். அதே இடத்தில் இரண்டு கண்ணாடிகள் இருந்தால் முதலாவதை எவரும் பார்க்கவில்லை என்பது பொருள். மூன்றாவதும் இருந்தால் அது எவரும் எப்போதும் தவறு செய்யும் இடம் என்று துணியலாம். நான் முதன்மையாகக் கொண்ட பிரதி, ஒரு பழைய ஐந்து குழல் உருப்படியின் இரண்டாம் டெனார் தாள். தேநீர்க் கறை அதில் மூன்று அடுக்காகப் படிந்திருந்தது. நடுவே, டெனார் வாசிக்காமல் நெடுநேரம் காத்திருக்க வேண்டிய மௌனத்தில், பென்சிலால் ‘ஊது’ என்று ஒரே குறிப்பு. மௌனத்தில் ஊதலாகாதே, ஆகவே இது ஏடெழுதுவோர் பிழை என்பர் ஒரு சாரார், பிற்காலத்து இடைச்செருகல் என்பர் மற்றொரு சாரார். அற்றன்று, வாசிக்க வேண்டாத அந்த அவகாசத்தில் திறப்பை விரலால் மறைத்து ஊதி நீரை நீக்குக என்பதே அதன் பொருள் எனக் கொண்டால் குறிப்பும் பிழைக்கிறது, ஊதுவோர் சமயமும் நிலைபெறுகிறது, இக்கட்டுரையும் நிறைவுறுகிறது.

நிறைவுறுவதற்கு ஒரே இடையூறு உளது. அந்தத் தாள் இப்போது பெட்டியில் இல்லை. தேநீர் இடைவேளையில் அதைத் தம் தாள்களோடு சேர்த்து எடுத்துச்சென்ற அன்பர் யாராயினும், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தயைசெய்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும், அதுவரையில் அந்தப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்காதிருக்க வேண்டும் என்றும் மிக்க வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.