தூளித் தணிக்கை

மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் 27-ஆவது வாரத்துத் திங்கட்கிழமை காலையில் குழந்தை எழுந்து, தானே பால் காய்ச்சிக் குடித்துவிட்டுத் தூளியில் ஏறிப் படுத்துத் தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்களோ என எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவன் நான். சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டாமல் தூக்கம் வராது. புரட்டினேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று அதே திருத்தத்தில் எழுதியிருக்கிறது. சட்டத்தின் மேல் தவறில்லை.

என் மகளின் கணினி நிறுவனத்திலும் காப்பகம் இருந்தது. அவள் உட்காரும் கட்டடத்தில் அல்ல, அதே நிறுவனத்தின் வேறொரு வளாகத்தில். அங்கே காத்திருப்போர் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதில் நம் முறை வருவதற்குள் பேத்தி அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருப்பாள் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார்.

அதுவரை பாட்டியே பார்த்துக்கொண்டாள். ஒன்றரை வயதில் பேத்தி ஓட ஆரம்பித்தாள். பாட்டியின் முழங்கால் ஓட மறுத்தது. மாற்று ஆளாக என் பெயரை யாரும் பரிசீலிக்கவே இல்லை. “அப்பாகிட்ட விட்டா, பேப்பரை மடிக்கும்போதுதான் குழந்தையைக் காணோம்னு தெரியும்” என்று மகள் தீர்ப்பு எழுதிவிட்டாள். வேளச்சேரி, மடிப்பாக்கம் வட்டாரத்தில் ஒரு நல்ல டே கேர் கண்டுபிடிக்கும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்தது.

“காலம் பூரா அடுத்தவங்க கணக்குல குத்தம் கண்டுபிடிச்சீங்களே, அது இப்பவாவது வீட்டுக்கு உதவட்டும்” என்றாள் மனைவி.

முதலில் போன இடத்தின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருந்தது. வாசலில் செயற்கைப் புல், உள்ளே ஏ.சி., சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. கோட்டு போட்ட ஒரு பெண் எனக்குக் காபி கொடுத்து, ஒன்றரை வயதுக்கான ரோபாட்டிக்ஸ் பாடத்திட்டத்தை விளக்கினார். என் பேத்தி இன்னும் கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்ற ஆய்வில்தான் இருக்கிறாள் என்றேன். “அதுதான் சார் ஃபைன் மோட்டார் ஸ்கில்” என்று அதற்கும் ஒரு கட்டணத்தைக் காட்டினார்.

“டயப்பர் யாரும்மா மாத்துவாங்க?”

“சப்போர்ட் ஸ்டாஃப் இருக்காங்க சார்.”

“எத்தனை பேர்?”

“போதுமான அளவு இருக்காங்க சார்.”

எத்தனை மூட்டை சிமென்ட் என்று கேட்டதற்குப் ‘போதுமான அளவு’ என்று பதில் எழுதிய நகராட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பாலம் இருக்காது.

அடுத்து, செல்போனில் நேரலை. அலுவலகத்திலிருந்தே பெற்றோர் தம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கலாமாம். காமிரா உச்சியில் இருந்ததால் திரை முழுக்க உச்சந்தலைகள். எல்லாம் ஒரே மாதிரி மொட்டை. பழனிக்கும் திருப்பதிக்கும் போய்வந்த வயது. ஒரு தலையும் அசையவில்லை.

“மணி பதினொண்ணுதானே ஆகுது, எல்லாரும் தூங்குறாங்களே?”

“டிசிப்ளின் சார்.”

காலை பதினோரு மணிக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தூங்குவதை நான் அரசு அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை. அங்கே ஓரிருவராவது டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

இரண்டாவது வகை, மாண்டிசோரி. எங்கள் வட்டாரத்தில் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் இந்தச் சொல்லை அச்சாகவே செய்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி நமக்கு அந்நியரல்லர். தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் அருண்டேல் அழைத்து 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். மறு வருடம் இத்தாலி உலகப் போரில் குதித்ததும், எதிரி நாட்டவர் என்று அவரை அடையாற்றிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மகன் மாரியோவைக் காவல் முகாமுக்குக் கொண்டுபோனது வெள்ளை அரசு. அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாக மகனைத் திருப்பிக் கொடுத்தார் வைஸ்ராய். பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது. தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படிச் சுவரையெல்லாம் கீறிப் பாழாக்கினார்கள். கட்டடம் வைத்திருந்தவர்களுக்குச் சுண்ணாம்புக் கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், மாண்டிசோரி வந்தார். ஆக, உலகப் புகழ்பெற்ற அந்தக் கல்வி முறை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டே கேரில் பிறந்ததுதான். பிள்ளை கையால் தொட்டு, எடுத்து, கலைத்து, அடுக்கித் தானே கற்றுக்கொள்ளும் என்பது அதன் உயிர்.

நான் போன மாண்டிசோரியில் அந்த மரச்சாமான்கள் அத்தனையும் இருந்தன. இளஞ்சிவப்புக் கோபுரம், உருளைகள், மணிகள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

“பசங்க தொட்டா கலைச்சிடுவாங்க சார்” என்றார் பொறுப்பாளர். பிள்ளைகள் எதிரே வரிசையாக உட்கார்ந்து டிவியில் ஆங்கிலப் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்கோடி அங்கன்வாடி நினைவுக்கு வந்தது. அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் பால்வாடிப் பிள்ளைகளும் உண்டு. இப்போது வாரத்துக்கு மூன்று முட்டை. போய்ப் பார்த்தேன். ரோபாட்டிக்ஸ் இல்லை. ஒரு பதிவேடு இருந்தது. தெருவில் உள்ள ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் மாதவாரியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணிக்காலத்தில் அப்படி ஒரு பதிவேடு என் கைக்கு வந்ததில்லை.

“நீங்க மூணாவது வீட்டு சார்தானே?” என்றார் அங்கன்வாடி அம்மா. “பாப்பாவை எடை போட ஏன் கூட்டிட்டு வரல? வீட்டுக்கு வந்தப்பல்லாம் பூட்டியிருந்துச்சு.”

ஆய்வுக்குப் போன தணிக்கையாளர் பெயரிலேயே தடை எழுதப்பட்டது. ஆனால் எங்களுக்கு அங்கே ஆகாது. இரண்டு வயது முடிந்தால்தான் முன்பருவக் கல்விக்குச் சேர்ப்பார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் என் மகளின் மதியக் கூட்டமே முடிந்திருக்காது. ஒருவேளை மாலை ஆறு வரை திறந்திருந்தால், எதிர்ச்சாரியில் உள்ள ஒட்டகச்சிவிங்கிகள் பாதிக்கு மேல் வேலை இழக்கும்.

மகள் இதற்குள் வெளிநாட்டு ஆய்வுகளாகப் படித்துத் தள்ளியிருந்தாள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்குக் குறைந்தது ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். இரண்டு வயதுக்காரர்களுக்கு நான்கு பேருக்கு ஒருவர் என்றிருந்ததை 2023-இல் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். அதற்கே அங்கே ஏக எதிர்ப்பு. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதினைந்து வயதுவரை விடாமல் கவனித்தார்கள். பார்த்துக்கொள்கிறவர் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார், அது ‘ங்கா’ என்றால் திரும்பிப் பதில் சொல்கிறாரா என்பதைப் பொறுத்துப் பேச்சும் புத்தியும் வளர்வதைக் கண்டார்கள். அதைவிடப் பெரிய செல்வாக்கு வீட்டுக்குத்தான் என்றும் சொன்னார்கள். கடைசி வரியை மாப்பிள்ளை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டுச் செல்போனைக் கீழே வைத்தார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் பேச்சைப் பேச வேண்டியவர் கோட்டு போட்ட பெண் அல்ல, ஆயா. குழந்தையைத் தூக்குகிறவர், கழுவுகிறவர், ஊட்டுகிறவர், தட்டித் தூங்க வைக்கிறவர் எல்லாம் அவர்தான். நாமோ அவரை விட்டுவிட்டுச் சுவர்ச் சித்திரத்தை ஆய்வு செய்கிறோம். நான் கேள்வியை மாற்றினேன். வாங்குகிற கட்டணத்தில் ஆயாவுக்குப் போவது எவ்வளவு? ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏ.சி.க்கும் பெயர் வாடகைக்கும் போக, மிச்சம்தான் ஆயாவுக்கு. அந்தச் சம்பளத்துக்கு அவர் மூன்று மாதம் இருப்பார். பக்கத்துத் துணிக்கடையில் ஐந்நூறு கூடக் கிடைத்தால் போய்விடுவார். புது ஆயா வருவார். குழந்தை மறுபடி முதலிலிருந்து முகம் பழக வேண்டும்.

அதன் பிறகு வரவேற்பறைக் காபியை விட்டுவிட்டு நேரே ஆயாவிடம் போனேன். ஓரிடத்தில், “இவங்க எங்க சீனியர் ஆயாம்மா” என்று பெருமையோடு அறிமுகம் செய்தார்கள்.

“எவ்வளவு நாளா இருக்கீங்கம்மா?”

“போன வியாழக்கிழமை வந்தேன் சார்.”

என் ஆய்வுப் படிவமும் வளர்ந்தது. கேட்டின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுமா? குளியலறையில் வாளியில் தண்ணீர் நிற்கிறதா? (ஒன்றரை வயதுக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.) காஸ் சிலிண்டர் எந்தப் பக்கம்? மருந்து எந்த அலமாரியில்? மாடியென்றால் அவசரத்துக்கு எப்படி இறக்குவார்கள்? கூட்டிப்போக வருபவர் பெற்றோர் இல்லையென்றால் யாரைக் கேட்டு அனுப்புவார்கள்? இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓரிடத்தில் என்னை உணவுப் பாதுகாப்புத் துறை என்று நினைத்துச் சமையலறையை அவசரமாகக் கழுவினார்கள். பிள்ளைகளுக்கு அன்று ஒருநாள் நன்மை.

கடைசியில் மடிப்பாக்கத்தில், பெயர்ப்பலகையே இல்லாத ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா நடத்துகிறார். எல்லாருக்கும் ஆன்ட்டி. நான் படிவத்தைப் பிரிப்பதற்குள் அவர் தம்முடையதைப் பிரித்துவிட்டார்.

“பாப்பாவுக்குத் தூக்கம் வந்தா என்ன செய்வா? காதைப் பிடிச்சு இழுப்பாளா, கண்ணைக் கசக்குவாளா? ஒண்ணுக்கு வந்தா என்ன சொல்லுவா?”

எனக்குத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

“காய்ச்சல்னா அனுப்பக் கூடாது. காலைல பாராசிட்டமால் கொடுத்துச் சமாளிச்சு அனுப்பலாம்னு பாக்காதீங்க. பன்னெண்டு மணிக்கு மருந்து இறங்கும், உடம்பு சுடும், நான் போன் பண்ணுவேன். முதல் வாரம் வீட்டு ஆள் ஒருத்தர் கூட உட்காரணும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கூட்டிக்கிட்டே போகணும். ஆறு மணிக்கு மேல ஆயாவை நிறுத்தி வைக்க மாட்டேன். அவங்களுக்கும் வீடு இருக்கு.”

“என்னம்மா சொல்லிக் கொடுப்பீங்க?”

“ஒண்ணும் கிடையாது சார். பேசுவோம். கீரை ஆய்வோம். காக்காவுக்குச் சோறு வைப்போம்.”

ஆயா ஏழு வருடமாக அங்கே இருக்கிறார். அவர் மகள் வளர்ந்ததே அந்தக் கூடத்தில்தான். வாளி கவிழ்ந்திருந்தது, தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது, மருந்து பீரோவில் இருந்தது. தடை ஏதுமில்லை என்று அறிக்கை எழுதி, ஒப்பீட்டு அட்டவணை, வரைபடம், பின்னிணைப்பு சகிதம் வீட்டில் தாக்கல் செய்தேன்.

மனைவி அட்டையைக்கூடத் திருப்பவில்லை. “நான் ஒரு தடவை பாக்கணும், ஆட்டோ புடிங்க” என்றாள். சாயந்திரம் மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒரே ஒருவன் தவிர. அவன் ஆன்ட்டியின் மடியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஆன்ட்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை. நேரே ஆயாவிடம் போனாள்.

“சாப்பிட்டாச்சாம்மா?”

“அப்பவே ஆச்சும்மா. ஒண்ணரைக்கெல்லாம் ஆன்ட்டி வந்து மாத்தி விட்டுருவாங்க. நான் சாப்பிட்டுக் கொஞ்சம் காலை நீட்டிட்டு வருவேன்.”

“சரி” என்று மனைவி என் பக்கம் திரும்பினாள். “பணத்தைக் கட்டுங்க.”

ஆட்டோவில் விளக்கம் கேட்டேன். “பசியோட இருக்கறவங்க கைல புள்ளையக் கொடுக்கலாமா?” என்றாள். அவ்வளவுதான். ஆள் எண்ணிக்கை, சம்பளம், மாற்று ஏற்பாடு, முதலாளியின் குணம் என்று நான் நான்கு தலைப்புகளில் எழுதியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. என் அறிக்கை இப்போது சமையலறையில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் என் அறிக்கைகளுக்கு இந்த அளவு பயன்பாடுகூடக் கிடைத்ததில்லை.

டே கேர் பார்க்கப் போகிற பெற்றோருக்கும் தாத்தாக்களுக்கும் இலவசமாக ஒரு வார்த்தை. மூன்று மணிக்குப் போங்கள். ஆயா சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். “இனிமேதான் சார்” என்று பதில் வந்தால், ரோபாட்டிக்ஸ் கூடத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.