உஷ்ணப் பிரகரணம்

மோட்டார் வண்டியின் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே நின்று நிர்ணயிக்கும் சாஸ்திரத்தில் இதுகாறும் பண்டிதர்கள் எழுதிக் குவித்தவை யாவும், பானட்டைத் திறவாமலே எழுதப்பட்டவை என்னும் ஒரு சிறு குறையை நீக்கிப் பார்த்தால், மிகவும் பிரமாதமானவை.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறவற்க என்பது பூர்வாசாரியர்களின் முதல் விதி. உள்ளே அழுத்தம் தேங்கியிருப்பதனால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாது அடங்கிக் கிடக்கும் நீர், மூடி கழன்ற அக்கணமே ஆவியாகச் சீறிவிடுமாகையால், இவ்விஷயத்தில் மட்டும் அபிப்பிராய பேதமே கிடையாது. பேதம் கொண்டவர்கள் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குக.

இராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால், காலையில் அதில் படிந்திருக்கும் கறை கசியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை மைப்படி எடுத்துக் காலநிர்ணயம் செய்வோரும் உளர். மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவது லாரிக்கார சம்பிரதாயம். கசிவு அடைபடும், சில வேளை ரேடியேட்டரும் அடைபடும்.

எண்ணெய்க் குச்சியில் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கட் போயிற்று என்று சந்தேகித்து, பர்ஸோடு மெக்கானிக்கிடம் செல்க.

இனித் தெர்மோஸ்டாட். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மட்டும் தொட்டால் குளிர்ந்திருக்குமாயின், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது என்று ஊகிக்கலாம். பழைய அம்பாஸடர் ஒன்றினின்று கழற்றிய தெர்மோஸ்டாட்டின் விளிம்பில், அது திறக்கவேண்டிய டிகிரியாகப் பொறித்திருந்த எண் 82 என்பது ஒரு சாரார் பாடம். 88 என்பது மற்றொரு சாரார் பாடம். முன்னவர், பெயரும் ஊரும் தெரியாத ஒரு லாரி கிளீனரின் வாய்மொழியை, அதைக் கேட்டவருடைய சகலையின் ஞாபகத்திலிருந்து மேற்கோள் காட்டுவர். பின்னவரோ, பழைய டயர் ஒன்றுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்து, டயரோடு ரீட்ரெடிங்குக்குப் போய்விட்ட ஒரு சுவடிக்கு எழுந்த உரையின் விருத்தியுரையில், செல்லரித்துப்போன ஒரு பக்கத்தையே ஆதாரமாகக் கொள்வர். இரண்டாம் எட்டின் பாதியைக் கறையான் தின்றதென்று ஒருவர் எழுத, கறையான் பித்தளையைத் தின்னுமா என்று மற்றவர் கேட்க, தின்றதாக மூன்றாமவர் ஒரு நூலே எழுதினார்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பேற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்துவிட்டால், வால்வு எத்தனை டிகிரியில் திறக்கிறதென்று கண்ணாலேயே பார்த்துவிடலாமே என்று வீட்டம்மாள் சொன்னபோதுதான் இரு சாராரும் முதன்முதலாக ஒன்றுபட்டனர். பிரத்தியட்சப் பிரமாணம் பாமரருக்கு உரியது என்றும், அடுப்படியில் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு எந்தச் சர்வகலாசாலையும் டாக்டர் பட்டம் தராது என்றும் கூட்டாகக் கையெழுத்திட்டனர்.

கடைசியில் வந்த மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு ஸார்?" என்று சொல்லி, அந்தத் தெர்மோஸ்டாட்டைப் பழைய இரும்போடு எறிந்துவிட்டு, அது இல்லாமலே வண்டியைப் பூட்டிக் கொடுத்தார். எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடித்து, பெட்ரோலை முன்னிலும் அதிகமாகக் குடிக்கலாயிற்று. மூலம் தொலைந்துபோனபடியால், பண்டிதர்கள் மிகுந்த உற்சாகத்தோடு இரண்டாம் தொகுதியைத் தொடங்கிவிட்டனர்.