வெற்று வட்டுப் பொருத்தம்: கடலூர், சிதம்பரம் இல்லங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வு எல்லை

வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கொள்ளிடமும் கிழக்கே வங்கக் கடலும் எல்லையாக அமைந்த நிலப்பரப்பில், 1980களிலும் 1990களிலும் நடந்தேறிய திருமணங்கள் பல இன்றும் வி.எச்.எஸ். கேசட்டுகளாகப் பீரோவின் மேல்தட்டில் கிடக்கின்றன. அவற்றை டி.வி.டி.க்கு மாற்றுவதற்குரிய வீட்டு ரெக்கார்டரையும், கடைவழக்கில் ‘எம்ப்டி’ எனப்படும் வெற்று வட்டையும் தேர்ந்தெடுக்கும் முறையே இவ்வாய்வின் பொருளாகும். ஆய்வு வசதிக்காகப் பெண் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்திலும் மாப்பிள்ளை வீடு சிதம்பரம் மேல வீதியிலும் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது; ஏனெனில், ஒரு வீட்டில் பதிந்த வட்டு சம்பந்தி வீட்டில் ஓடாதபோது எழும் மனத்தாங்கலே இத்துறையின் தலையாய சிக்கல். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்த்த குடும்பங்கள், அத்திருமணத்தைத் தாங்கவிருக்கும் வட்டுக்கு ஒன்றுகூடப் பார்ப்பதில்லை என்னும் குறையை நீக்க, ஐந்து பொருத்தங்கள் இங்கு வகுக்கப்படுகின்றன.

2. கேசட்டும் கருவியும்

பொருத்தம் பார்க்குமுன் கேசட்டின் உடல்நிலையை அறிதல் வேண்டும். அதன் பக்கவாட்டிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால், கடலோர ஈரக்காற்றில் பல்லாண்டு கிடந்த நாடாவின் ஓரத்தில் திருநீறு தூவியதுபோல் வெண்பூஞ்சை படிந்திருப்பதைக் காணலாம். இதனைத் தெய்வ அருளாகக் கருதி அப்படியே டெக்கில் (வி.சி.ஆர்.) செருகினால், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் பூஞ்சை அப்பி, தாலி கட்டும் நேரத்தில் திரை முழுதும் வெள்ளைக் கோடுகள் ஓடும்; அப்போது ‘டிராக்கிங்கைத் திருகிப் பார்’ என்று பெரியவர்கள் வழங்கும் அறிவுரை பயன் தராது. துடைத்தல் முதற்கடன்.

கருவிகள் இருவகைப்படும். கேசட் வாயும் வட்டுத் தட்டும் ஓருடலில் அமைந்தது ‘காம்போ’. டெக்கையும் ரெக்கார்டரையும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களால் இணைப்பது மற்றொன்று. மஞ்சள் ஒயர் படத்தையும் ஏனைய இரண்டும் ஒலியையும் கடத்துவன. இம்மூன்றில் வேண்டும்போது காணாமற்போவது மஞ்சளே ஆதலின், காம்போவே சிறந்தது என்பது இவ்வாய்வின் துணிபு. இந்தியத் தொலைக்காட்சி 625 வரிகளும் நொடிக்கு 25 சட்டகங்களும் கொண்ட ‘பால்’ முறையைச் சார்ந்திருந்தது. சிங்கப்பூரும் அம்முறையையே பின்பற்றியதால் அங்கிருந்து மாமா அனுப்பிய கேசட் இங்கு ஓடும். அமெரிக்கா 525 வரிகள் கொண்ட ‘என்.டி.எஸ்.சி.’ முறையைச் சார்ந்திருந்தது என்பதால் அங்கிருந்து சித்தப்பா அனுப்பிய கேசட் பழைய டெக்குகளில் ஓடாமல் மனக்கசப்பை மட்டுமே விளைவிக்கும்.

3. ஐந்து பொருத்தங்கள்

முதலாவது இனப் பொருத்தம். சி.டி.யும் டி.வி.டி.யும் 12 செ.மீ. விட்டத்தில் உருவொத்தவை, ஆயினும் முன்னது 700 எம்.பி.யும் பின்னது 4.7 ஜி.பி.யும் கொள்ளும். கடையில் ‘ஒரு எம்ப்டி சிடி’ என்று கேட்பவருக்குச் சி.டி.யே கிடைக்கும், அதில் எழுத மாட்டேன் என்று ரெக்கார்டர் தட்டைத் திறந்து திருப்பித் தந்துவிடும்.

இரண்டாவது குறிப் பொருத்தம். ஆர் என்னும் எழுத்தின் முன் கழித்தல் குறி இட்ட வட்டு 1997இலும், கூட்டல் குறி இட்டது 2002இலும் தோன்றின. பழைய ரெக்கார்டர்களுள் சில ஒரு கட்சியை மட்டுமே ஏற்குமாதலால், முகப்பில் இரு குறிகளும் அச்சிடப்பட்டுள்ளனவா எனக் காண்க. ஆர் வட்டு ஒருமுறை மட்டுமே எழுதத்தக்கது, ஆர்.டபிள்யூ. சுமார் ஆயிரம் முறை அழித்தெழுதத்தக்கது. மாலைத் தொடரைத் தவறவிடக் கூடாது என்று தவிப்போர் உள்ள வீட்டில், திருமணத்தை ஆர்.டபிள்யூ.வில் பதிதல் ஆபத்து.

மூன்றாவது காலப் பொருத்தம். கேசட் 3 மணி நேரம் ஓடும், நல்ல தரத்தில் (எஸ்.பி.) வட்டு கொள்வது 2 மணி நேரமே. 4 மணி நேர முறையில் (எல்.பி.) பதிந்தால் பின்வரிசை உறவினர் முகம் கலங்கும், அடையாளம் தெரியாத முகங்கள் எல்லாம் தம் வீட்டாருடையவை என்று இரு தரப்பும் வாதிடும். மொய் எழுதும் காட்சியை வெட்டினால் நேரம் மிச்சமாகும் எனினும், யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்கு அதுவே சான்று ஆதலின் அது வெட்டப்படலாகாது. இரண்டு வட்டு வாங்குவதே நெறி.

நான்காவது வேகப் பொருத்தம். உறையில் ‘16எக்ஸ்’ என்றிருப்பதற்காகக் கூடுதல் விலை தருதல் வீண்; டெக்கிலிருந்து படம் ஓடும் வேகத்திலேயே ரெக்கார்டர் எழுதுமாதலால், 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகியே தீரும்.

ஐந்தாவது நிறைவுப் பொருத்தம். பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ என்னும் கட்டளையைத் தந்தாலன்றி, பிற பிளேயர்கள் படிக்கத்தக்க அட்டவணை வட்டில் அமையாது. மஞ்சக்குப்பத்தில் ஓடியது மேல வீதியில் ஓடாது. சோதிடத்தில் ரஜ்ஜு எவ்வாறோ, இங்கு இது அவ்வாறு: ஏனைய நான்கும் இருந்து இஃது ஒன்று இல்லையெனில் சம்பந்தம் கூடாது.

4. புறனடை

1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம் கடலூர் மாவட்டத்திலேயே மின்சாரம் விளைவிப்பினும், 2012இன் நெடிய மின்வெட்டிலிருந்து இம்மாவட்டம் தப்பவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலோ பல நாள் இருளைத் தந்தது. ஃபைனலைஸ் செய்வதன் நடுவே கரண்ட் போனால் வட்டு வீணாகலாம். ஆகவே யு.பி.எஸ். ஆறாவது பொருத்தம் எனக் கொள்வாரும் உளர்.

5. முடிபு

உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது; வெற்று வட்டு உற்பத்தியில் இந்தியாவில் முன்னணியில் இருந்த மோசர் பேயரைக் கலைக்க 2018இல் உத்தரவாயிற்று. நல்ல டெக்கும் நல்ல வட்டும் இனி அருகியே வரும் என்பதால், தள்ளிப்போடுதல் தகாது. இரு குறிகளையும் ஏற்கும் காம்போவைத் தேடிப் பிடித்து, ஆர் வட்டில், எஸ்.பி. தரத்தில், இரண்டு படிகள் எடுத்து, ஃபைனலைஸ் செய்து, ஸ்டிக்கர் ஒட்டாமல் சி.டி. மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுக. ஒரு படி கடலூரில் இருக்கட்டும். மற்றொன்றைச் சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டில் கொடுத்து வைக்க. புயலில் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். அதைப் பார்க்கும் சாக்கிலாவது போக்குவரத்து நீடிக்கும்.