செக் என்ஜின் விளக்கு: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

நூல் நுதலியது, காரின் புகைக்குழாயில் திருகப்பட்டுச் சேறும் சூடும் தாங்கிக் கிடக்கும் ஆக்சிஜன் சென்சார். லாம்டா சென்சார் என்பது மறுபெயர். தோன்றிய காலம் 1976. பாஷ் செய்து கொடுக்க, வால்வோ கார்களில் முதலில் ஏறியது. தொழில், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து என்ஜின் கணினிக்குச் சாட்சி சொல்லுதல். அச்சாட்சியில் குறை கண்டால் கணினி செக் என்ஜின் விளக்கை ஏற்றும். எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது ஒழுங்கு. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டிப் பேசும். காற்று மிகுந்தால் 0.1க்கு இறங்கும். உள்ளிருக்கும் ஜிர்கோனியா 300 டிகிரியளவு சூடேறாமல் வாய் திறவாது. ஆதலின் அதற்கென்று ஒரு ஹீட்டரும் உண்டு.

நூற்பா: எரியும் விளக்கே நோயெனல் வழுவே.

பரபக்கம்

மறைப்புவாதியர், டேஷ்போர்டு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டுவர். காணாதது இல்லாதது என்பது அவர் கொள்கை. மைலேஜ் குறைவதும், எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடுவதும் டேப்புக்குக் கட்டுப்படா என்பது மறுப்பு.

பேட்டரிவாதியர், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி, கணினி பதிந்த பிழைக் கோடை (code) அழிப்பர். வினை தீராமல் பிறவி தீராது. விளக்கு சில நாளில் மறுபிறவி எடுக்கும்.

மாற்றுவாதியரே வலியர். கோடு வந்ததும் புதுச் சென்சார் வாங்குவர். பி0171 என்பது 'காற்று மிகை' என்ற வாக்குமூலம் மட்டுமே. அக்காற்றை உள்ளே விட்ட வெடித்த வேக்கம் ஹோஸ் அப்படியே இருக்க, உள்ளதைச் சொன்ன சாட்சியைக் கழுவேற்றுவது எந்த நீதி?

சுபக்கம்

அளவை மூன்று. முதலாவது உரை: ஸ்கேனர் செருகிக் கோடு படித்தல். பி0135 வந்தால் ஹீட்டர் சுற்றில் குறை. முதலில் ஃபியூஸைப் பார்க்க.

இரண்டாவது கருதல்: சென்சாருக்கு முன்னே புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து பொய்க்கணக்குக் காட்டும். அதை அடைத்தபின் சென்சார்மேல் ஐயுறுக. அடைக்கும்போது கண்ட சிலிக்கோன் பசையைப் பூசற்க. அதன் ஆவியே சென்சாருக்கு நஞ்சு.

மூன்றாவது காட்சி: கனெக்டரைக் கழற்றி ஹீட்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம் காட்டவேண்டும், தொடர்பே இல்லையேல் ஹீட்டர் மாண்டது. என்ஜின் சூடானபின், கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஜிர்கோனியா வகைச் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறியிறங்கவேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தாலும் வேக்கம் ஹோஸைக் கழற்றினாலும் அசையாமல் ஓரிடத்தில் நிற்பதே கெட்டது. கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள சென்சாருக்கு அடக்கமே அழகு. அதுவும் துள்ளினால் ஐயம் கன்வெர்ட்டர்மேல்.

கெட்டதென்று தெளிந்தபின், மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு 22 மி.மீ. ஸ்பேனரால் கழற்றுக. புதியதற்குக் கிரீஸ் பூசுவதாயின், அதற்கென்றே உள்ளதை மரையில் மட்டும் பூசுக; நுனியில் படலாகாது.

முடிபு

சென்சார் விலை ஆயிரக்கணக்கில். மல்டிமீட்டர் விலை நூற்றுக்கணக்கில். ஆகவே, "சென்சார் போச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும் பர்ஸைத் திறவாமல், "கோடு என்ன, ஓம் எவ்வளவு?" என்று கேட்பீராக.