எதிரே நின்றால் பாதி பலம்

வாலிக்கு ஒரு வரம் உண்டு. எதிரே நிற்பவரின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். அவன் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வாலீஸ்வரர் கோயில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரம் வாலிகண்டபுரத்தில் இருக்கிறது. வாலி போய்விட்டான், வரம் மட்டும் இந்தப் பக்கமே தங்கிவிட்டது போலும். அதை இன்று அனுபவித்து வருபவர் நமது சிலையடி வாசகர். ஊருக்கு ஒருவராவது இருப்பார். டெல்லி போனால், டால்ஸ்டாய் பெயரில் சாலையே இருக்கும் ஜன்பத் பகுதியில் தாடியோடு நிற்கும் டால்ஸ்டாய் சிலைக்கு எதிரே அவரும் நிற்பார். கையைக் கட்டி, முகவாயை உயர்த்தி, வெயிலுக்குச் சுருங்கிய கண்ணைச் சிந்தனையில் சுருங்கியதாகக் காட்டி ஒரு படம். நாவலாசிரியரின் ஞானத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை டால்ஸ்டாயிடமே விட்டுவைப்பது அவருடைய பெருந்தன்மை.

ஞானம் இறங்கியதற்குச் சாட்சிகள் உண்டு. போகும் முன் 'மழை வரும்போல இருக்கு' என்றவர், திரும்பியபின் 'டால்ஸ்டாய் சொல்ற மாதிரி, மழை வரும்போல இருக்கு' என்கிறார். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் 'போரும் அமைதியும்' நாவலைக் கையில் எடுத்து, எடை பார்த்து, மரியாதையாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கோலப் புத்தகம் வாங்கி வருகிறார். 'அன்னா கரேனினா' எப்படி என்று கேட்டால், 'அதெல்லாம் அனுபவிக்கணும் தம்பி, சொல்லி வராது' என்பார். அதை எழுதியவர் தஸ்தயெவ்ஸ்கி என்று யாராவது சொன்னாலும் சண்டைக்குப் போகமாட்டார், அவரும் ரஷ்யர்தானே. போரை எழுதியவரைப் பார்க்க டெல்லி வரை போனவர், 1751இல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. கோட்டைக்குத் தாடி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

'படிக்காவிட்டால் என்ன, மரியாதை செலுத்துகிறாரே' என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் மரியாதை பெறுபவரின் விருப்பத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாஸ்னயா பல்யானாவில் டால்ஸ்டாயின் சமாதி புல் முளைத்த வெறும் மண்மேடு; கல்லில்லை, சிலுவையில்லை, பெயர்கூட இல்லை. தமக்கு ஒரு கல்கூட வேண்டாம் என்றவருக்கு நாம் செய்யும் மரியாதை, சிலைக்கு முன் செல்ஃபி. டால்ஸ்டாய் மரியாதை செலுத்திய விதம் வேறு. 1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளை எடுத்துக்காட்டினார். வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு எழுதவில்லை, படித்துவிட்டு எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்த காந்தி அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார்; 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையும் எழுந்தது. தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் பலர் அங்கே குடும்பத்தோடு உழைத்தார்கள். படித்தவர்களுக்குச் செய்ய நிறைய வேலை இருந்தது. போஸ் கொடுக்கத்தான் நேரமில்லை.

'படத்தைப் பார்த்து நாலு பேருக்குப் படிக்கும் ஆசை வராதா?' என்பது அடுத்த வாதம். வரலாம். அந்த நாலு பேரும் படித்து முடித்ததும் முதலில் நம்மவரிடம்தான் பேச வருவார்கள் என்பதே அவருக்கு ஆபத்து. 'ஆயிரம் பக்கத்துக்கு மேல் யாருக்கு நேரம்?' என்பது கடைசி வாதம். டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் அமைதியும்' நாவலின் அந்த ஆயிரத்தையும் உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்தார். நாம் படுத்துக்கொண்டே படிக்கலாம். அதுவும் கனம் என்றால், ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்று 1886இல் டால்ஸ்டாய் எழுதிய சிறுகதை இருக்கிறது. நெடுஞ்சாலையோரம் மனை வாங்கத் துடிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. ஆகவே சிலையடி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தாராளமாக டெல்லிக்குப் போங்கள். திருச்சியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறியதும் அந்தக் கதையைப் பிரியுங்கள். விழுப்புரம் வருவதற்குள் முடிந்துவிடும்.