ஐயாயிரம் ரூபாய்க்குட்பட்ட பென் டேப்லெட்டுகளில் அழுத்த நிலைகளும் அவற்றின் பயனின்மையும் – ஓர் ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே: பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது வரைகிற கைக்குத் தெரிவதில்லை, கைக்குத் தெரிகிற எதுவும் பெட்டியில் அச்சாவதில்லை. ஆய்வுப்பொருள், திரையில்லாத பென் டேப்லெட். கறுப்புப் பலகை ஒன்று மேசையில் கிடக்கும். அதன்மேல் பேனாவால் கிறுக்கினால் கோடு கணினித் திரையில் விழும். திரையோடு கூடியவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. என்னை? அவை ஆய்வாளரின் சட்டைப்பைக்கும் அப்பாற்பட்டவை ஆகலின். மலிவு என்பது ஈண்டு ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்குவது. ஐயாயிரத்து ஒன்று என்றால் அது வேறு துறை, வேறு நெறியாளர்.

தோற்றமும் வளர்ச்சியும் இல்லாமல் முதல் இயல் கிடையாது. அமெரிக்காவில் எலிஷா கிரே 1888இல் காப்புரிமை பெற்ற டெலாட்டோகிராஃப், ஓர் ஊரில் எழுதியதை மின்கம்பி வழியே இன்னோர் ஊரில் எழுதிக் காட்டியது. பென் டேப்லெட்டின் கொள்ளுத்தாத்தா அதுதான். 1964இல் ராண்ட் நிறுவனம் செய்த டேப்லெட்டின் விலை 18,000 டாலர். அன்று ஒரு டாலர் நாலே முக்கால் ரூபாய்ச் சொச்சம். ஆக, எண்பத்தையாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு அன்று இங்கே வீடே கட்டியிருப்பார்கள் என்பதால் தமிழகத்தில் டிஜிட்டல் ஓவியம் தாமதமானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஜப்பானின் சைதாமாவில் 1983இல் வாக்கம் தொடங்கியது. 2011இல் சீனாவின் ஷென்சென்னில் ஹுயான். இவ்விரண்டும் எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களும் சேர்ந்துதான் நம் ஐயாயிரத்துக்குப் போட்டி போடுகின்றன.

இனி அழுத்த நிலைக்கு வருவோம். மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. இடைப்பட்ட படிகள் எத்தனை என்பதைத்தான் பெட்டி பறைசாற்றுகிறது. 2048 என்றார்கள், பிறகு 4096, 8192, இப்போது 16384. ஏன் இப்படி இரட்டித்துக்கொண்டே போகிறது? ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுதலாக ஒரு பிட் போதும் என்பதால். 2048க்கு 11 பிட், 16384க்கு 14. விளம்பரத்தில் எட்டு மடங்கு. கணக்கில் மூன்றே மூன்று பிட்.

அஃதேல், படி கூடினால் நயம் கூடாதோ எனின், கூடாது. பேனா தாங்கும் முழு அழுத்தத்தை அரைக்கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை 8192ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 0.06 கிராம். மூன்று நான்கு அரிசிமணியின் எடை. தன் விரல் நான்கு அரிசி கூட அழுத்தியதா குறைய அழுத்தியதா என்று சொல்லத் தெரிந்த ஓவியர் இருந்தால் அவரை ரேஷன் கடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதே நாட்டுக்கு நல்லது. போதாக்குறைக்கு, நம்மில் பெரும்பாலோர் வரைவது 8 பிட் கோப்பில். அதில் ஒரு நிறத்துக்கு மொத்தப் படிகளே 256. பதினாறாயிரம் படி ஏறி வந்த அழுத்தம் கடைசியில் 256 படியுள்ள வாசலுக்குள்தான் நுழைய வேண்டும்.

இரண்டாவது எண் எல்பிஐ, அங்குலத்துக்கு இத்தனை கோடு என்பது. 5080 என்றால் மில்லிமீட்டருக்கு 200 கோடு. ஆறங்குலப் பலகையை 1920 பிக்சல் அகலத் திரைக்கு விரித்தால் ஒரு பிக்சலுக்குப் பதினாறு கோடு வருகிறது. 2540தான் என்று தாழ்வுமனப்பான்மையோடு இருக்கும் ஒன் பை வாக்கம் ஸ்மால் என்ற மாடலுக்கும் எட்டு வருகிறது. ஒன்றே போதும். இவ்விடத்தில் மேலும் ஆராய்வது பக்கத்தை நிரப்பும், பயன் தராது.

பயன் தருவது பலகையின் அளவு. இவ்வாய்வு யாருக்காகவோ அந்தச் சித்தப்பா மகன் வாங்கத் துடித்தது நாலங்குலப் பலகை; விலையில் ஆயிரத்துச் சொச்சம் குறைவு. "பைக்குள்ள போட்டுக்கலாம்ணா" என்றான். அவன் லேப்டாப்பின் 15.6 அங்குலத் திரை ஏறக்குறைய முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம். நாலங்குலப் பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு மூன்றரை சென்டிமீட்டர் ஓடிவிடும். ஆறங்குலத்தில் அது இரண்டே கால். பத்தங்குலத்தில் ஒன்றரைக்கும் குறைவு. கை நடுக்கமும் அதே கணக்கில்தான் பெருகும். காலையில் காபி குடித்த கையில் இது நன்றாகவே தெரியும். ஓசு என்ற கணினி விளையாட்டு ஆடுகிறவர்கள் சின்னப் பலகையையே தேடி வாங்குகிறார்களே எனின், அவர்களுக்கு வேண்டியது வேகம். இவனுக்கு வேண்டியது, வரைகிற முகத்தில் மூக்கு மூக்காக வருவது. மூக்கு வரைபவன் குறைந்தது ஆறங்குலம், மேசையில் கீபோர்டு போக இடமிருந்தால் பத்தங்குலம் வாங்கக் கடவன்.

அளவைச் சார்ந்த இன்னொரு உண்மை. இந்தப் பலகைகள் பலவும் 16:10 விகிதம். லேப்டாப் திரைகள் பலவும் 16:9. அப்படியே இணைத்தால் பலகையில் போடும் வட்டம் திரையில் பதினொரு விழுக்காடு பக்கவாட்டில் இழுபட்டு முட்டையாகிவிடும். தனக்கு வட்டமே வரவில்லை என்று மனமுடைந்து டேப்லெட்டைப் பரணில் போட்டவர்கள் உண்டு. டிரைவர் அமைப்பில் விகிதத்தைச் சமன்செய்யும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் ஆறங்குலப் பலகையில் ஒரு சென்டிமீட்டர்ப் பட்டை செத்துப்போகும், வட்டம் பிழைக்கும்.

அப்படியானால் கைக்குத் தெரிவது எது? கண்டறியும் முறை இரண்டு. முதலாவது, பேனாவை வால்பக்கம் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே பலகைமேல் இழுப்பது. திரையில் மெல்லிய கோடு விழுந்தால் நல்ல பேனா. ஒன்றும் விழாமல், கொஞ்சம் அழுத்தியதும் திடீரெனத் தடித்த கோடு குதித்தால், அந்தப் பேனாவில் பதினாறாயிரம் படி இருந்தும் முதற்படி மட்டும் இடுப்புயரத்தில் இருக்கிறது என்க. இரண்டாவது, அடிஸ்கேலைச் சாய்வாக வைத்து அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோட்டை ஆமை வேகத்தில் போடுவது. வேகமாகப் போட்டால் எல்லாப் பலகையும் யோக்கியன். மெதுவாகப் போட்டால்தான் சிலவற்றில் கோடு பாம்பாக நெளியும். காரணம் பலகைக்குள் இருக்கிறது. அடியில் கட்டம் கட்டமாக ஓடும் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அதற்கு எதிரொலிக்கின்றன. பேனாவுக்குப் பாட்டரி வேண்டாதது இதனால்தான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே பேனா நிற்கும்போது அது சரியாக எங்கே இருக்கிறது என்று பலகை கணித்தாக வேண்டும். கணிப்பு தப்பும் இடமெல்லாம் நெளிவு. சென்னை ரிச்சி தெருக் கடையில் நின்றுகொண்டு டெமோ டேப்லெட்டில் இதைச் செய்து பார்த்தால் கடைப்பையன் "சார், வாங்குறீங்களா, சோதிக்கிறீங்களா?" என்பான். இரண்டும் என்று சொல்லலாம்.

மிச்சத்தைத் தீர்மானிப்பது டிரைவர். பழைய டேப்லெட்டின் டிரைவர் ஓரமாய்க் கிடக்க, புதியதை நிறுவினால் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நிற்பார்கள்; அம்புக்குறி நகரும், அழுத்தம் வராது. முன்னதை முழுசாக நீக்கிவிட்டுக் கணினியை அணைத்துப் போட வேண்டும். அப்படியும் அழுத்தம் வரவில்லையென்றால் டிரைவர் அமைப்பில் விண்டோஸ் இங்க் என்ற டிக்கை எடுத்துப் பார்க்க, எடுத்திருந்தால் போட்டுப் பார்க்க. கிருதா என்ற ஓவிய மென்பொருளில், பேனாவின் அழுத்தத்தைப் பெறும் வழிகளான விண்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அமைப்பிலேயே இடம் உண்டு. கிருதா இலவசம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐயாயிரத்துக்கு டேப்லெட் வாங்குபவன் மாதச் சந்தா கட்டி மென்பொருள் வாங்குவது மாட்டைவிட மூக்கணாங்கயிறு விலை கூடின கதை. லினக்ஸ்காரர்களுக்கு வாக்கம் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு ஓப்பன் டேப்லெட் டிரைவர் பெரும்பாலும் கைகொடுக்கும்.

பெட்டிக்குள் வரும் இரண்டுவிரல் கையுறை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திரையில்லாத பலகை பேனாவை மட்டுமே அறியும். தொடுவசதி இல்லாதபோது உள்ளங்கை பட்டாலும் அதற்குத் தெரியாது. ஆதலால் கையுறை வேண்டா என்பர் ஒரு சாரார். சென்னையில் மே மாதம் வரைந்து பார்த்து, வியர்வையில் கை பலகையோடு ஒட்டிக்கொண்ட பிறகு பேசட்டும். நிப் கழற்றும் குட்டி வளையம் முதல் வாரத்திலேயே தொலையும். அக்காவின் புருவ இடுக்கி அதே வேலையைச் செய்யும், அக்காவுக்குத் தெரியாத வரை.

இவ்வாய்வின் வாய்மொழித் தேர்வு சித்தப்பா வீட்டுக் கூடத்தில் நடந்தது. பணம் தரும் புரவலரே புறத்தேர்வாளர்.

"ஏன்டா, செல்போன்லயே விரலால வரையலாமே?"

விரல் தான் போடும் கோட்டைத் தானே மறைக்கும் என்றும், போன் திரைக்கு விரலின் அழுத்தம் தெரியாது என்றும் விடையிறுக்கப்பட்டது.

"அப்ப இந்தப் பலகைய செல்லுல மாட்டலாமா?"

நல்ல கேள்வி. ஓடிஜி இணைப்பி வைத்து ஆண்ட்ராய்டில் மாட்டலாம்; ஆனால் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் பல மாடல்களில் பலகையின் ஒரு கீற்று மட்டுமே வேலை செய்யும். லேப்டாப் இல்லாதவன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும் என்ற பகுதி புரவலரின் கேள்விக்குப் பிறகுதான் ஆய்வேட்டில் சேர்க்கப்பட்டது.

"சரி, பதினாறாயிரம் போட்டதும் இருக்கு, எட்டாயிரம் போட்டதும் இருக்கு. எது?"

"எட்டாயிரமே போதும் சித்தப்பா. அந்த வித்தியாசக் காசுக்கு ஆறங்குலத்துக்குப் பதிலா பத்தங்குலம் வாங்கிடலாம்."

"பிடிக்கலேன்னா திரும்ப எடுப்பானா?"

எடுக்கும் கெடு முடிவதற்குள் எடைக்கோடு, சாய்கோடு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும், அதுவரை பெட்டியைக் கிழிக்கக் கூடாது என்றேன். சித்தப்பா மகன் பெட்டியைக் கத்தரிக்கோலால் திறந்துகொண்டிருந்தான்.