20 வைத்தியர் நாடி பார்த்த ஜீப்பு

வா மாப்ளே, திண்ணையில் உட்காரு. நீ ஒண்டிக்கடையைத் தாண்டறதுக்குள்ளேயே உன் அத்தை சொல்லிட்டா, “மாவு மில்லு ஒண்ணு மலையேறி வருது”ன்னு. ஊருக்கே கேட்டது, ஓட்டினவனுக்கு மட்டும் கேக்கல. பாட்டுப் பெட்டிக்குக் கொட்டின காசில் கால்வாசி சக்கரத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

எந்தப் பக்கத்து பேரிங் போச்சுன்னா கேக்கறே? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கே. ஒவ்வொண்ணும் ஓசி வைத்தியர். வண்டியை வலப்பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்து மேலே சாயும். அப்ப உறுமல் கூடினா இடது பேரிங். இடப்பக்கம் ஒடிக்கையில் கூடினா வலது. 20 பேர் நாடி பார்த்துச் சொல்லியும் நீ என்கிட்ட வந்து கேக்கறே பாரு, அந்த மரியாதைக்கு ஒரு காப்பி தரேன்.

காப்பின்னதும் ஞாபகம் வருது. சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை 1820களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டாந்தப்போ பேரிங் கவலையே கிடையாது. துரைமாருக்குக் குதிரையும் பல்லக்கும்தான். தூக்கினவன் தோள்தான் பேரிங். அது தேய்ஞ்சதை எந்த துரை கணக்கு வெச்சான்?

சரி, ஜாக்கி போடு. பின்சக்கரத்துக்குக் கட்டை வெச்சியா? வெச்சிருக்க மாட்டே, போய் வை. இப்ப முன்சக்கரத்தை 12 மணியிலும் 6 மணியிலும் பிடிச்சு ஆட்டு. ஆடுதா? உடனே கடைக்கு ஓடாதே. என் பேரனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்னா பேரிங். அப்பவும் ஆடினா கிங் பின், அது வேற செலவு, உங்கப்பன்கிட்ட நீயே சொல்லிக்கோ.

வில்லிஸ் காலத்து அச்சு இது. உள்ளே ஒரு பேரிங், வெளியே ஒரு பேரிங், ரெண்டும் ஒரே நம்பர்: உருளை இருக்கிற கோன் 18590, அது உட்காருற கப் 18520. கோனை மட்டும் மாத்தி மிச்சம் பிடிக்கலாம்னு பார்க்கறியே, அது புது மருமகளைப் பழைய மாமியார்கிட்ட விட்ட கதை. மூணே மாசத்தில் மறுபடி மாவு மில்லு. பழைய கப்பைப் பித்தளைக் கம்பி வெச்சுச் சுத்தி மாத்தி மாத்தித் தட்டி இறக்கு. ஆயில் சீலும் புதுசு போடு.

கிரீஸை விரலால் தடவினா அது பூச்சு, பூசை இல்லை. உள்ளங்கையில் ஒரு உருண்டை எடுத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அமுக்கி அமுக்கி ஏத்து. உருளைச் சந்து வழியா மேல்பக்கம் புழு மாதிரி நெளிஞ்சு வரணும். எங்கப்பன் வைக்கோல் சாம்பலை விளக்கெண்ணெயில் குழைச்சு வண்டி மை போட்ட கையைப் பார்த்திருந்தா உனக்குப் புரியும். நகத்தில் இருந்த கறுப்பு கல்யாணத்தன்னிக்கும் போகலையாம்.

இனிமேதான் உன் வீரத்தை அடக்கணும். பேரிங்கை இறுக்கிப் பிடிக்கிற அந்தப் பெரிய நட்டை உளியும் சுத்தியலும் வெச்சு மூலை மழுக்கிட்டான் முன்னாடி ஓட்டின புண்ணியவான். நீ பெரிய சாக்கெட் வாங்கு. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே, அது இறுகி நிக்கிற வரைக்கும் நட்டை முறுக்கு. அப்புறம் பின்னாடி தளர்த்து. எவ்வளவா? நட்டுக்கு முருகனாட்டம் ஆறு முகம். ஒரு முகம் அளவு, அதுக்கு மேலே வேணாம். இறுக்கினபடி விட்டா அடிவாரம் போறதுக்குள்ளே கிரீஸ் உருகி பேரிங் கருகிடும். ரொம்பத் தளர்த்தினா சக்கரம் கும்மி அடிக்கும். அப்புறம் லாக் வாஷர், லாக் நட். வாஷர் காதை மடக்க மறந்துடாதே.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரலில் விட்டே, உன் காதை நான் மடக்குவேன். ரெண்டாவது கியரில் இறங்கு. பிரேக்கையே மிதிச்சா டிரம் சூடு ஹப்புக்கு ஏறி, நீ அமுக்கி வெச்ச கிரீஸ் அத்தனையும் தண்ணியாகும். நாலஞ்சு வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தி, ரெண்டு ஹப் கிட்டேயும் கையைக் கொண்டுபோய்ப் பாரு. ஒண்ணு மட்டும் அடுப்பா இருந்தா, ஆறு முகத்தில் எந்த முகத்தை எண்ணாம விட்டேன்னு யோசி.

நான் கூட வரலை மாப்ளே. எனக்கு சேலம் பஸ் இருக்கு.